அம்மாவுக்கு ஏன் அந்த ஊசி கேட்கவில்லை

அம்மாவுக்கு வலது முழங்கால் மாற்று அறுவை நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்போது மூன்று இரவு அவர் கண் மூடவில்லை. வலி குறைய ட்ரமடால் ஊசி போட்டார்கள். வாந்தியும் தலைசுற்றலும் வந்தன, வலி மட்டும் குறையவே இல்லை. "இவங்களுக்குத் தாங்குற சக்தியே இல்ல" என்றார்கள் வார்டில். எங்கள் மூவரையும் வீட்டிலேயே பெற்றவரைப் பார்த்து அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வருஷம் இடது கால். கடலூர் வேண்டாம் என்று புதுச்சேரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே மயக்க மருந்து டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு, "உங்க அம்மா கூடப் பிறந்தவங்க யாருக்காவது இப்படி ஆயிருக்கா?" என்று கேட்டார். மாமா பல் பிடுங்கிய அன்று ட்ரமடால் மாத்திரை போட்டும் விடிய விடியத் துடித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ட்ரமடாலைக் கல்லீரல் வேறொரு பொருளாக மாற்றினால்தான் அது வலியை நன்றாக அடக்கும். கோடீன் என்ற வலி மருந்தும் அப்படித்தான், அது மார்ஃபினாக மாற வேண்டும். மாற்றித் தருவது சிஒய்பி2டி6 என்ற நொதி. அதற்கான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று வரும். இரண்டுமே வேலை செய்யாவிட்டால் மருந்து உள்ளே போயும் பலன் குறைவு. வாந்தியும் கிறுகிறுப்பும் மட்டும் மிஞ்சலாம். நேர்மாறாக, அந்த நொதி மிக வேகமாக வேலை செய்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சாதாரண அளவே மூச்சை அமுக்கிவிடலாம். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த இரண்டு மருந்தும் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஜிப்மரிலேயே தென்னிந்தியர்களிடம் இந்த மரபணுவை ஆராய்ந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

ரத்தம் கொடுத்தோம். கைக்காசுதான். மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது: அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் செயலற்றவை. அதைப் படித்துச் சொன்னதும் அம்மா, "அப்ப நான் பொய் சொல்லல" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

இரண்டாவது அறுவைக்கு நரம்பை மரக்கவைக்கும் ஊசி, பாராசிட்டமால், தேவைப்பட்டபோது கொஞ்சம் மார்ஃபின். மார்ஃபின் வேலை செய்ய அந்த நொதி தேவையில்லை. முதல் ராத்திரியே அம்மா நாலு மணி நேரம் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படித் தூங்கியிருக்க வேண்டிய மூன்று இரவுகள்தான் நினைவுக்கு வந்தன.

அம்மாவிடம் இரண்டுமே செயலற்றவை என்பதால் எனக்கும் தம்பிகளுக்கும் ஒன்று நிச்சயம் வந்திருக்கும். நான் கட்டியிருப்பது மாமா மகனை. மாமாவும் அம்மாவைப் போலவே என்றால் என் கணவருக்கும் ஒன்று உண்டு; எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டும் சேரக் குறைந்தது நாலில் ஒரு வாய்ப்பு. மாமாவைச் சம்மதிக்க வைக்க ரெண்டு தடவை கடலூர் முதுநகருக்குப் போய்வந்துவிட்டேன். வரும் திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அம்மாவின் ரிப்போர்ட்டை நகல் எடுத்து லேமினேட் செய்து, அவர் சுருக்குப் பையிலேயே வைத்திருக்கிறேன்.