இன்சுலின் என் தோள்பையில்தான்

லண்டனுக்குக் கிளம்பினால், காரைக்குடி வீட்டில் அப்பத்தா கட்டித்தரும் சீப்புச் சீடை எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகும். இன்சுலின் மட்டும் என் தோள்பையை விட்டு இறங்காது. விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் உருகிய பின் தெளிவாகத் தெரிந்தாலும் அதை நம்பவே கூடாது.

அதற்கு முன் சென்னைவரை சித்திரை வெயில் இருக்கிறதே! நனைத்த குளிர்பையில் இன்சுலின் ஊசிப் பேனாக்களை வைப்பேன். மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல, ஈரம் ஆவியாகும்போது உள்ளே சூடு தணியும். ஊசி, சர்க்கரைச் சோதனைப் பட்டைகள் இரண்டு மடங்கு. மருத்துவர் கடிதம் மேலுறையில்.

உணவுத் தட்டு கண்முன் வந்த பிறகே சாப்பாட்டு இன்சுலின் போடுவேன். விமானம் குலுங்கினால் பரிமாறுவது நின்றுவிடும். நீண்டநேரம் வேலை செய்யும் இன்சுலினுக்கான நேரத்தை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிவிடுவேன். மேற்கே போகப் போகப் பகல் நீள்வதால் கடிகாரக் கணக்கு மாறிவிடும்.

“மயக்கம் வந்தா இதைத் தின்னு, ஆத்தா” என்று அப்பத்தா மாவுருண்டையைக் கையில் திணிப்பார். வாங்கிக்கொள்வேன். ஆனால், அதிலுள்ள நெய், இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். இரத்தச் சர்க்கரை தாழ்ந்தால் 15 கிராம் குளுக்கோஸ்தான். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மாவுருண்டை அதன் பிறகு.