"குடிக்கிற ஆள் இல்ல மிஸ்ஸி, பீடி மட்டுந்தான்"

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் குடும்பநல உத்தியோகத்தராக (மருத்துவமாதுவாக) வீடு வீடாகப் போகிற எனக்கு, கர்ப்பிணியின் புருசனைப் பற்றி விசாரித்தால் அதிகம் கிடைக்கிற நற்சான்றிதழ் மேலே சொன்னதுதான். சாராயத்தையும் கசிப்பையும் அடிதடியோடு சேர்த்தே பேசுகிற ஊரில், பீடி ஒரு பாவமும் அறியாத பிள்ளையாக ஓரத்தில் நின்றுவிடும். நாங்களும் புகை வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது, பிறப்பு நிறை குறையும் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவதுதான் வழக்கம்.

கொஞ்ச நேரம் கூட இருந்தால் வேறு கதை வரும். "பீடிக்கட்டு முடிஞ்சா எனக்குத்தான் பயம். கடைக்கு ஓடணும், காசில்லாட்டி கடன் கேக்கணும், பிந்தினா ஏச்சு, மறுகா கை நீளும்" என்றார் ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு தங்கச்சி, அரிசி புடைப்பதை நிறுத்தாமலே. இதற்கு உடம்புக் காரணமும் உண்டு. இரத்தத்தில் இருக்கிற நிக்கோடின் ஏறக்குறைய 2 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும், அப்புறம் எரிச்சல், பதற்றம், தொட்டதற்கெல்லாம் கோபம். பீடியை அடியோடு விட்டவருக்கு முதல் கிழமைதான் மோசம், பிறகு மெல்ல அடங்கும். அதனால் ஒருவர் "இண்டையோட விட்டுட்டன்" என்றால் சந்தோசப்படுவதோடு, முந்தி விட்டுப் பார்த்த நாட்களில் வீட்டில் என்ன நடந்தது என்று மனைவியிடம் தனியாகக் கேட்டுவைப்பேன். அதற்காகப் பழியைப் பீடி மேல் போட்டுவிட்டு ஆள் தப்ப முடியாது. இதே மனுசன் வயல்காரரிடம் பீடி இல்லாமல் அரைநாள் கைகட்டி நிற்கிறார்தானே.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் சான் டியேகோவில் 9,500 பேருக்கு மேல் விசாரித்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் அடி, துஷ்பிரயோகம், தாய் அடிபடுவதைப் பார்த்தது என்று அனுபவங்கள் கூடக் கூட, வளர்ந்த பிறகு புகைக்கிறவர்களும் கூடியிருந்தார்கள். எங்கள் பெண்களிடம் "புகைக்கிறதா?" என்றால் சிரிப்பார்கள். ஆனால் வெற்றிலை வட்டாவுக்குள் புகையிலை இருக்கும். "அடி விழுந்த ராவைக்கு இது இல்லாட்டி நித்திரை வராது புள்ள" என்றார் ஒரு அம்மா. வாய்ப் புற்றுநோயைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், சொன்னேன், ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு எழும்ப மனம் வரவில்லை.

இலங்கையில் 5 பெண்களில் ஒருவர் துணைவரிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவர் என்கிறது 2019 கணக்கெடுப்பு. ஆனால் நேரே "அடிக்கிறாரா?" என்று கேட்டுப் பாருங்கள், "ஒண்டும் இல்ல" என்றுதான் வரும். பீடியைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் வெட்கமில்லை, பக்கத்தில் இருக்கிற மாமியாரே "இவன்ர தகப்பனும் பீடி இல்லாட்டி பேய்தான்" என்று தொடங்கிவிடுவார். சரி, அது போதும். வயிற்றைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைத்தாச்சியை அறைக்குள் கூட்டிப்போய் மிச்சத்தைக் கேட்பேன். வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவுகிற நட்பு நிலையம் ஆஸ்பத்திரியில் இருப்பதையும், பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு எந்த நேரமும் எடுக்கலாம் என்பதையும் சொல்வேன். இலக்கத்தை வேறு பேரில் போனில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு, வேண்டாம் என்கிறவர்கள்தான் அதிகம். வற்புறுத்துவதில்லை. பிள்ளைத்தாச்சி வீட்டுக்குத் திரும்பவும் போனால் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை.