ஆலா போகும் காலம்

ஆகஸ்ட் 24, 2025, ஞாயிறு

கடற்பறவைகளைப் படமெடுக்கப் போக இருந்த போட் இன்றைக்கும் போகவில்லை. காலை நாலரைக்கே படகுக்கார அண்ணன் போன் எடுத்தார். "தங்கச்சி, கடல் அடிக்குது. இன்னைக்கு வேணாம்." கொழும்பு முகத்துவாரத்தில் பிறந்து வளர்ந்தவர், அவர் வேணாம் என்றால் வேணாம்தான். மற்ற ஐந்து பேருக்கும் செய்தி அனுப்பினேன். தூக்கம் கலைந்துவிட்டது. கமராவைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக் கரைக்கு நடந்தேன்.

ரயில் பாதையைத் தாண்டிக் கருங்கற்களில் உட்கார்ந்தால் கடல் நேர் மேற்கே. காலையில் வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து வந்து பறவையின் முகத்தில் விழும். பின்னேரம் போனால் கறுத்த நிழல்தான் மிஞ்சும். காலிமுகத்திடலில் சூரியன் மறைவதைப் பார்க்க எவ்வளவு சனம் கூடுகிறது! பறவை பார்க்க விடியலைப் போல ஒரு நேரம் இல்லை.

இருபது நிமிடம் எண்ணினேன். 63 ஆலாக்கள், கடலில் மீன் பிடிக்கிற பறவைகள். அலைக்குச் சற்று மேலே, ஒன்றின் பின் ஒன்றாக, எல்லாமே தெற்கு நோக்கி. இவை பிரைடில்ட் டேர்ன். ஒவ்வொரு வருடமும் ஜூலைக் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை இலங்கையின் மேற்குக் கரையோரமாக ஆயிரக்கணக்கில் இறங்கிப் போகும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக வீசினால் கரைக்குக் கிட்டவே தெரியும். இலங்கையின் கடற்பறவைகளைப் பல வருடங்கள் கவனித்துப் பதிவுசெய்தவர் றெக்ஸ் டி சில்வா. அவர் எழுதியதைப் படித்த பிறகுதான், இத்தனை வருடம் இதே கரையில் கடலை கொறித்துக்கொண்டு நான் எதைப் பார்த்தேன் என்று மனது அடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 30, சனி

போட் இல்லை. மழை. லென்ஸைத் துடைத்து வைத்தேன்.

செப்டெம்பர் 6, சனி

ஒருவழியாகப் போய்வந்துவிட்டோம். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை, சந்தோஷத்தில்தான்.

ஐந்தரைக்கு முகத்துவாரத்திலிருந்து வெளிக்கிட்டோம். நாங்கள் ஆறு பேர், அண்ணன், அவருடைய உதவியாள் ஒருவர். துறைமுகப் பக்கம் கமராவைத் திருப்பவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட். நான் இரவே வாந்தி மாத்திரை போட்டு, காலையில் இஞ்சிப் பிளேன்டீ மட்டும் குடித்திருந்தேன். வெறும் வயிற்றோடு வந்த ஒருவர் அரை மணித்தியாலத்தில் படுத்துவிட்டார், பாவம். பணிஸ் ஒன்றாவது சாப்பிடச் சொல்லியிருக்கலாம்.

களனி கங்கை கடலில் கலக்கிற இடம் தாண்டியதும் தண்ணீரில் ஒரு கோடு தெரிந்தது. இந்தப் பக்கம் ஆற்றின் தேநீர் நிறம், அந்தப் பக்கம் நீலம். இரண்டு தண்ணீரும் முட்டுகிற இடத்தில் மிதக்கிற எல்லாமே ஒதுங்கிச் சேர்ந்திருக்கும். ஆகாயத்தாமரை, தென்னை மட்டை, போத்தல், செருப்பு. குப்பையோடு சிறு மீனும் சேரும். "ஆலா குத்துற இடத்துல வலை போட்டா வெறும் கையோட திரும்ப மாட்டோம்" என்றார் அண்ணன். அந்தக் கோட்டை விடாமல் வடக்கே போனோம்.

படகில் படம் எடுப்பது கரையில் எடுப்பது போல இல்லை. விளிம்பில் சாய்ந்தால் எஞ்சின் அதிர்வு அப்படியே லென்ஸுக்கு வந்துவிடும். காலை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, படகு ஏறும்போது நாமும் ஏறி, இறங்கும்போது இறங்க வேண்டும். ஷட்டர் 1/2500-க்குக் கீழே விடவில்லை. வானத்தைப் பார்த்து எடுக்கும்போது வெளிச்சத்தை ஒரு ஸ்டொப் கூட்டினேன், இல்லையென்றால் பறவை கரிக்கட்டை. ஆட்டோஃபோகஸ் திரும்பத் திரும்ப அலையைத்தான் பிடித்தது. ஒரு வில்சன்ஸ் ஸ்டோர்ம் பெட்ரல் வந்தபோதும் அதே கதைதான். அண்டார்டிக்காப் பக்கத்தில் முட்டையிட்டுவிட்டு எங்கள் கடல்வரை வருகிற பறவை, எடை 40 கிராம் அளவில்தான். கால்களைத் தொங்கவிட்டுத் தண்ணீருக்கு மேல் தத்தித் தத்தி நடந்தது. பதினெட்டுப் படமும் அலை. பரவாயில்லை, கண் பார்த்துவிட்டது.

ஏழே முக்கால் இருக்கும். உதவியாள் கையைக் காட்டினார். வெள்ளையாக ஒரு ரிஜிபோம் (தெர்மோகோல்) துண்டு, மீன்பெட்டியின் உடைந்த மூடி. அதன் மேல் ஓர் ஆலா. அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டார். காற்றே எங்களைக் கிட்டக் கொண்டுபோனது. பத்துப் பாகத்துக்குள், அறுபது அடிக்குள், வந்துவிட்டோம், அது பறக்கவில்லை. மிதக்கிற பலகை, மரக்கட்டை, சிலநேரம் ஆமை முதுகுகூட இவற்றுக்கு இருக்கை. மூடி அலையில் சரியும்போது உடல் முன்னே சாயும், தலை மட்டும் அசையாது. கறுத்த அலகின் நுனியில் ஒரு நீர்த்துளி. நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டிப் பின்னால் மெல்லிய கோடாக, நாங்கள் புருவம் தீட்டுவது போல. சூட்டி டேர்ன் என்ற இன்னோர் ஆலா என்றால் அந்த வெள்ளை கண்ணோடு நின்றுவிடும், முதுகும் தலையும் ஒரே கறுப்பாக இருக்கும். இதற்கோ கறுத்த தொப்பிக்கும் சாம்பல் பழுப்பு முதுகுக்கும் இடையில் கழுத்தில் ஒரு வெளிறிய பட்டை. பிரைடில்ட் டேர்ன் என்பார்கள், எனக்கு இது புருவ ஆலா.

அழகான படம்தான். ஆனால் அது உட்கார்ந்திருந்தது பிளாஸ்டிக்கில். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது இந்தக் கடலில்தான். ஜூன் 2-ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குருணி அதில் இருந்தது. அந்த நாட்களில் நீர்கொழும்புக் கரையில் மணலை அள்ளிச் சலித்தவர்களில் நானும் ஒருத்தி. கடுகும் அரிசியும் போன்ற அந்த வெள்ளைக் குருணி இன்னும் என் விரலிடுக்கில் இருப்பதுபோல இருக்கிறது. மூடியை வெட்டிவிட்டுப் பறவையை மட்டும் வைக்கலாமே என்று படகில் ஒருவர் சொன்னார். வெட்ட மாட்டேன். அது எங்கே உட்கார்ந்திருந்ததோ அங்கேயே இருக்கட்டும்.

பறவை போன பிறகு அண்ணன் அந்த மூடியை எடுத்துப் படகுக்குள் போட்டுக்கொண்டார்.

செப்டெம்பர் 7, ஞாயிறு, போயா (பௌர்ணமி)

912 படங்கள். நல்லது 11. புருவம் தெளிவாகத் தெரிவது நான்கு. சூட்டி ஆக இருக்குமோ என்று நேற்று நினைத்த இன்னொன்றின் கழுத்திலும் அந்தப் பட்டை இருந்தது, ஆகவே அதுவும் புருவ ஆலாதான்.

அம்மா பின்னால் வந்து நின்று பார்த்தார். "இது எந்த ஊர்க் குருவி?" என்றார். எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிறது என்றேன். "எங்கட கடலிலயோ?" நம்பவில்லை.

செப்டெம்பர் 13, சனி

அம்மா ஆறரைக்கே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கருங்கல்லில் ஒரு துவாயை விரித்து உட்காரவைத்தேன். பைனாகுலரில் முதலில் அவருக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. "அடிவானத்தில் வையுங்கோ அம்மா, அதை ஆட்டாதேங்கோ, பறவை தானாய் உள்ளுக்கு வரும்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் உதடு அசைந்தது. ஒண்டு, ரெண்டு, மூண்டு.

நாற்பத்தொன்றில் ரயில் வந்து எண்ணிக்கை குழம்பிவிட்டது. அது போகும்வரை காதைப் பொத்திக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.