பிஸ்கட்டை நிறுத்திப் பந்தை உருட்ட வைத்த கதை

என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை), வயது 14. பன்னிரண்டைத் தாண்டியதுமே எடை ஏற ஆரம்பித்தது, "வாயைக் கட்டுங்க" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நாங்கள் சாப்பாட்டில் கைவைக்கும் முன் ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். இந்தப் பிள்ளைகளுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது சகஜம், வருடம் ஒரு முறையாவது டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், சுரப்பு குறைந்தால் இது கூடும்) பார்க்க வேண்டும். பார்த்தால் கூடியிருந்தது. மாத்திரை போட்டபின் பகலில் தூங்கி வழிவது நின்றது, எடை மட்டும் அசையவில்லை. தசைத் தளர்ச்சி ஒரு பக்கம், சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியே கொஞ்சம் குறைவு என்பது இன்னொரு பக்கம்.

வீட்டில் மூன்று வேளையும் அவன் அதிகமாகச் சாப்பிடுவதில்லை. எடை ஏற்றியது பரிசுதான். எழுதினால் பிஸ்கட், பிசியோதெரபியில் அடம்பிடிக்காமல் இருந்தால் சாக்லேட், சிறு வயதிலிருந்தே இப்படித்தான் பழக்கியிருந்தார்கள். பள்ளியில் போய்ப் பேசினேன். "அது இல்லன்னா உட்காரவே மாட்டான்" என்றார்கள். விடாமல் கேட்டு, பிஸ்கட்டுக்குப் பதில் அவனுக்குப் பிடித்த பாட்டை ஐந்து நிமிடம் போட வைத்தேன், சில வாரம் முரண்டு பிடித்தான், அப்புறம் பாட்டையே கேட்க ஆரம்பித்தான். மாமியாரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "புள்ளைக்கு வேற என்ன சந்தோஷம் இருக்கு?" என்று கண் கலங்குவார். அந்தப் பேச்சை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. அவனுக்குப் பந்து பிடிக்கும், தண்ணீர் பிடிக்கும், கூட்டம் பிடிக்கும். யாராவது கூட்டிப் போனால்தானே!

விளையாட்டில் சேர்க்கும் முன் டாக்டர் இதயத்தையும் கழுத்தையும் பார்த்தார். சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிமானம் தளர்ந்திருக்குமாம், குட்டிக்கரணம், டைவ் எல்லாம் அவர்களுக்கு ஆபத்து. திடீரென நடை மாறினாலோ, கழுத்து வலித்தாலோ, கை கால் பலம் குறைந்தாலோ உடனே கூட்டிவரச் சொன்னார். பெற்றோர் பலருக்கு இது தெரியவில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இந்த வயதுக்குத் தினம் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவன் ஒரே மூச்சில் அவ்வளவு செய்யமாட்டான். காலையில் மாடிப்படி, மாலையில் நடை, ராத்திரி அப்பாவோடு கொஞ்சம் ஆட்டம் என்று பிரித்து, படமாக வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டினோம். "எக்சர்சைஸ் பண்ணு" என்றால் நகரமாட்டான், படத்தைக் காட்டினால் செருப்பை எடுத்து வருகிறான். சனிக்கிழமைகளில் போச்சி, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்பு ஒலிம்பிக்ஸில் இருக்கும் பந்து உருட்டும் விளையாட்டு. அங்கே அவனுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், அதற்காகவே கிளம்புகிறான்.

எடை இன்னும் பெரிதாக இறங்கவில்லை. உயரம் கூடும் வயதில் ஏறாமல் நிற்பதே போதும் என்கிறார் டாக்டர். அடுத்த டி.எஸ்.எச். ஜூனில்.