சத்தத்தை நிறுத்திவிட்டு ஹாரி டீன் ஸ்டான்டன்

அமெரிக்க நடிகர் ஹாரி டீன் ஸ்டான்டன் நடித்த படங்களை ஆண்டு வரிசையில் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டு வருகிறேன். அறுபது வருடத்துக்கு மேல் நடித்தவர். படங்களே நூற்றுக்கு மேல், அது போகத் தொலைக்காட்சித் தொடர்கள். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று எண்ணமில்லை. கதாநாயகனுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு குணச்சித்திர நடிகர் காட்சிக்குள் என்னதான் செய்கிறார் என்பதைக் கண்ணால் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வரும் காட்சியை முதலில் எல்லோரையும் போலக் கதைக்காகப் பார்ப்பேன். அப்புறம் சத்தத்தை நிறுத்திவிட்டு, யார் பேசினாலும் சரி, அவரை மட்டும் பார்ப்பேன். கை எங்கே இருந்தது, கண் எங்கே போனது, மற்றவர் பேசும்போது என்ன செய்தார், இந்த மூன்றையும் நோட்டில் எழுதுவேன். மூன்றாவதற்கு ஒதுக்கிய இடம்தான் எப்போதும் போதாமல் போகிறது.

1926 ஜூலை 14 அன்று கென்டக்கி மாநிலத்தின் வெஸ்ட் இர்வினில் பிறந்தார். அப்பா புகையிலை பயிரிட்டவர், முடிதிருத்தும் தொழிலும் செய்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலில் சமையல்காரராக இருந்து, 1945இல் ஓகினாவா போரைப் பார்த்தார். திரும்பி வந்து கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இதழியலும் வானொலியும் படித்தவர், நாடகத்தின் பக்கம் சாய்ந்து கலிபோர்னியாவின் பாசடீனா பிளேஹவுஸுக்குப் போய்விட்டார்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் 'கன்ஸ்மோக்', 'ராஹைட்' போன்ற கௌபாய் தொடர்களில் வந்துபோனார். ஹாரி ஸ்டான்டன் என்ற பெயரில் இன்னொரு நடிகர் இருந்ததால், அந்தக் காலத்தில் திரையில் அவர் பெயர் டீன் ஸ்டான்டன். தேடுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம். ஒட்டிய கன்னமும் குழிவிழுந்த கண்ணும் இருந்தால் அடியாள் வேடம்தான் தருவார்கள். அதையே விதம்விதமாகச் செய்தார். இந்தப் பகுதியை நான் வேகமாகக் கடந்தேன்.

நின்று பார்க்க வைத்தது 1966இல் வந்த 'ரைட் இன் த வேர்ல்விண்ட்'. மான்டி ஹெல்மன் இயக்கம். எழுதியவர் ஜாக் நிக்கல்சன், அவரும் நடித்திருக்கிறார், ஸ்டான்டனின் நெருங்கிய நண்பர். ஒற்றைக் கண்ணை மூடிய கொள்ளைக்கூட்டக்காரன் வேடத்தை ஸ்டான்டனுக்குக் கொடுத்தபோது நிக்கல்சன் சொன்ன யோசனை: எதுவும் செய்யாதே, நீயாகவே இரு, உடை நடித்துக்கொள்ளும். இதை ஸ்டான்டனே பல பேட்டிகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். எனக்கும் இந்தப் படம்தான் ஒரு எல்லைக்கோடு. இதற்குப் பின் வந்த படங்களில் என் நோட்டில் 'கை சும்மா இருந்தது' என்ற குறிப்பு அடிக்கடி வருகிறது. 1967இல் 'கூல் ஹேண்ட் லூக்' படத்தில் கைதிகளில் ஒருவராக கிதாரோடு பாடுவார். அந்தக் குரலுக்காகவே சத்தத்தோடு பார்க்க வேண்டிய படம்.

1978இல் வந்த 'ஸ்ட்ரெய்ட் டைம்' இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு. சிறையிலிருந்து வெளியே வந்தவராக டஸ்டின் ஹாஃப்மன், திருட்டை விட்டுவிட்டு ஒழுங்காக வாழும் பழைய கூட்டாளியாக ஸ்டான்டன். நீச்சல் குளம், அடுப்பில் வேகும் இறைச்சி, பக்கத்தில் மனைவி என்று நிறைவான வீடு. மனைவி எழுந்து உள்ளே போனதும் நண்பனிடம் சொல்கிறார்: என்னை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடு. வசனம் அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. சத்தமில்லாமல் பார்த்தால், அந்த வசனத்துக்கு முன்பே அந்த மனிதன் மனத்தளவில் வீட்டைவிட்டுப் போய்விட்டது தெரிகிறது. நடிப்புப் பள்ளியில் பாடமாக வைக்க வேண்டிய காட்சி என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்த வருடம் 'ஏலியன்'. விண்கலத்தின் இயந்திரப் பகுதியில் வேலை செய்யும் பிரெட். கூட வேலை செய்பவராக வரும் யாஃபெட் கோட்டோ சம்பளப் பங்கைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டே இருக்க, இவர் 'சரிதான்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். பூனையைத் தேடி, சங்கிலிகள் தொங்கும் கூடத்துக்குள் போகிறார். மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த நீரை முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்கிறார். கதைக்கு அது தேவையே இல்லை. ஆனால் வேலை பார்த்துக் களைத்த ஒருவனுக்கு அந்த நீர் தேவை. சாகப்போகிறவன் ஆள்தான், பொம்மையில்லை என்று அந்தச் சில நொடியில் நமக்கு உறைக்கிறது. பயம் அங்கிருந்துதான் வருகிறது.

இதற்கெல்லாம் பிறகுதான் 'பாரிஸ், டெக்சாஸ்' பார்த்தேன். பலர் இந்தப் படத்திலிருந்து தொடங்குவார்கள். ஆண்டு வரிசையில் வந்து சேர்ந்தால் அனுபவம் வேறு. நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபேயில் ஒரு மதுக்கூடத்தில் எழுத்தாளர் சாம் ஷெப்பர்டிடம், இதுவரை வந்த வேடங்கள் அலுத்துவிட்டன, கொஞ்சம் அழகும் நுண்ணுணர்வும் உள்ள ஒன்றில் நடிக்க ஆசை என்று சொல்லியிருக்கிறார் ஸ்டான்டன். ஷெப்பர்ட் எழுதிய இந்தப் படத்தின் கதாநாயகன் டிராவிஸ் வேடம் அவரைத் தேடி வந்தது. அப்போது வயது 57. விம் வெண்டர்ஸ் இயக்கிய படம் 1984 கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது.

படத்தின் முதல் 25 நிமிடத்துக்கு டிராவிஸ் வாயே திறப்பதில்லை. பாலைவனத்தில் நடக்கிறார், தம்பியின் காரில் உட்கார்ந்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் அந்த மௌனத்தை எதையாவது போட்டு நிரப்பியிருப்பார்கள். முப்பது வருடமாக மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நடித்தவருக்கு மௌனம் பழகிய இடம். இதைத் தனிப்பட்ட அதிசயமாகப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. குளக்கரையில் மனைவி போவதற்காகக் காத்திருந்தவரும், சொட்டும் நீரில் நின்றவரும் இங்கேயும் இருக்கிறார்கள்.

அப்புறம் அந்தக் கண்ணாடி அறை. மனைவியாக வரும் நஸ்டாஸியா கின்ஸ்கிக்கு இவர் தெரியமாட்டார், இவருக்கு மட்டும் அவர் தெரிவார். நடுவே தொலைபேசி. இரண்டாவது சந்திப்பில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, யாரோ இரண்டு பேரின் கதை போலத் தங்கள் கதையைச் சொல்கிறார். எதிராளியைப் பார்த்தே வாழ்ந்த நடிகர், பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பேசும் காட்சி. இங்கே மட்டும் என் முறையைக் கைவிட்டேன். சத்தத்தை நிறுத்த மனம் வரவில்லை.

அதே வருடம் 'ரெப்போ மேன்' படத்தில் கடன் கட்டாதவர்களின் காரைப் பறிக்கும் பட் ஆக ஓயாமல் பேசுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், ஒரே மனிதர் என்று நம்ப நேரமாகும்.

1999இல் டேவிட் லிஞ்சின் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி'. படம் முழுக்க ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த் புல் வெட்டும் வண்டியிலேயே அயோவாவிலிருந்து விஸ்கான்சின் வரை போகிறார், பேச்சு முறிந்த அண்ணனைப் பார்க்க. கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வரும் அண்ணன்தான் ஸ்டான்டன். அந்த வண்டியைப் பார்க்கிறார், இதிலேயா வந்தாய் என்று கேட்கிறார், கண் நிறைகிறது. சில நிமிடம்தான். ஆனால் அவ்வளவு நேரம் நாம் எதிர்பார்த்திருந்த ஆளை அந்தச் சில நிமிடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எத்தனை பேரால் முடியும்?

ஒருமுறைகூட ஆஸ்கர் பரிந்துரை கிடைக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

'லக்கி' படம் அவருக்காகவே எழுதப்பட்டது. இயக்கிய ஜான் கரோல் லிஞ்சும் குணச்சித்திர நடிகர்தான், அவர் இயக்கிய முதல் படம். போர்க்காலத்தில் கப்பலில் சமைத்த லக்கி, 'ஏலியன்' கூட்டாளி டாம் ஸ்கெரிட்டோடு உட்கார்ந்து போரைப் பற்றிப் பேசுகிறார். ஸ்கெரிட் நீளமாக ஒரு நினைவைச் சொல்ல, தொண்ணூறு வயதில் ஸ்டான்டன் அதைக் கேட்கிறார். என் நோட்டில் அந்தக் காட்சிக்குத் தனிப் பக்கம். 2017 செப்டம்பர் 15இல், படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வரும் முன்பே, 91 வயதில் காலமானார்.

'பிக் லவ்' தொடர் இன்னும் பாக்கி. அதை முடித்ததும் எம். எம்மெட் வால்ஷ் என்ற இன்னொரு குணச்சித்திர நடிகரை எடுக்கப் போகிறேன். இந்த இருவரில் ஒருவர் துணை வேடத்தில் இருந்தால் அந்தப் படம் முழுக்க மோசமாக இருக்க முடியாது என்று விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு விதியே சொல்லியிருக்கிறார். 'ஸ்ட்ரெய்ட் டைம்' படத்தில் ஹாஃப்மனைக் கண்காணிக்கும் அதிகாரி வால்ஷ்தான், அதனால் தொடக்கத்துக்கு அந்தப் படமே போதும்.