ஒரே தட்டில் ஸிக்னி

எரித்ரியாவின் தலைநகரான அஸ்மாராவுக்குக் கல்லூரியில் பாடம் நடத்த வரும் நம்மூர்க்காரர்கள் முதலில் விசாரிப்பது சாப்பாட்டைப் பற்றித்தான். காரம் பழகியவர்களுக்குக் கவலை வேண்டாம். காய்ந்த மிளகாயோடு கொத்தமல்லி, வெந்தயம், இஞ்சி எல்லாம் சேர்த்து அரைத்த பெர்பெரே பொடி இல்லாமல் இங்கே சமையல் நடக்காது. அதன் முழு வீரியமும் தெரிய வேண்டுமென்றால் ஸிக்னி சாப்பிட வேண்டும். மாட்டுக்கறிக் குழம்பு.

பக்கத்து வீட்டு அம்மா அதை வைக்கும்போது கூடவே நின்று பார்த்தேன். பொடியாக நறுக்கிய வெங்காயம் எண்ணெயே இல்லாமல் பாத்திரத்தில் விழுந்தது. அது நன்றாகச் சுருங்கியபின்தான் எண்ணெய், அப்புறம் பெர்பெரே, தக்காளி. பொடி கருகாமலிருக்க அவ்வப்போது தண்ணீர் தெளித்துக் கிண்டிக்கொண்டே இருந்தார். இவ்வளவும் ஆன பிறகே கறி. கடைசியில் மசாலா போட்டு உருக்கிய தெஸ்மி நெய். அஸ்மாரா 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கறி வேகத்தான் நேரமாகும். ஊரிலிருந்து வருபவர்கள் குக்கரை மறக்க வேண்டாம்.

புல்லில் பின்னிய மெசோப் கூடையைச் சுற்றி எல்லோரும் உட்கார்வார்கள். வீட்டுப் பிள்ளை ஒன்று கைகழுவத் தண்ணீர் ஊற்றும். பெரிய தட்டில் தைத்தாவை விரித்து நடுவில் ஸிக்னியை ஊற்றுவார்கள். தைத்தா என்பது தெஃப் என்ற சிறுதானியத்தின் புளித்த மாவை மொகொகோ அடுப்பில் ஒருபக்கம் மட்டும் சுட்டெடுப்பது. மேலெல்லாம் ஆப்பம் போலப் பொத்தல் பொத்தலாக இருக்கும்.

ஐந்தாறு பேர் ஒரே தட்டில் கைவைப்பதைப் பார்த்ததும் எனக்கு எச்சில் கவலை வந்தது. ஆனால் அதற்கும் ஒழுங்கு இருக்கிறது. வலக்கை மட்டும். உங்கள் முன்னால் இருப்பதுதான் உங்கள் பங்கு. தைத்தாத் துண்டால் கறியைச் சுற்றி எடுப்பதால் விரல் வாய்க்குள் போவதில்லை; விரலை நக்குவது மரியாதையும் இல்லை. எல்லாம் சரி, திடீரென்று வீட்டுக்காரம்மா ஓர் உருண்டையைச் சுருட்டி உங்கள் வாயருகே நீட்டுவார். இப்படி ஊட்டிவிடுவதற்குப் பெயர் குர்ஷா! மறுத்தால் அவர் மனசு கோணும். பேசாமல் வாயைத் திறந்துவிடுங்கள்.

வெங்காயம், பச்சைமிளகாயோடு கறியை வதக்கும் திப்ஸி நமக்குச் சட்டென்று பிடித்துவிடும். கித்ஃபோ வேறு கதை: கொத்திய பச்சைக் கறியில் உருக்கிய நெய். லேசாக வதக்கித் தரச் சொல்லலாம், நான் அப்படித்தான் சாப்பிடுகிறேன்.

மாட்டுக்கறி தொடாத நண்பர்களும் இங்கே பட்டினி கிடப்பதில்லை. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக்கிழமைகளில் கறி, பால், நெய் எல்லாவற்றையும் விலக்குவார்கள். அன்று விரதச் சாப்பாடு கேட்டால் கடலைமாவில் வைத்த ஷிரோவும் பருப்பும் ஹம்லிக் கீரையும் வரும்.

இத்தாலியர் ஆட்சி 1941-இல் முடிந்தும் ஸ்பகெட்டி போகவில்லை. அதன்மேலும் ஸிக்னியை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அது எனக்கு ஒட்டவில்லை. மறுநாள் காலை, மீந்த தைத்தாவைப் பிய்த்துப்போட்டு மீந்த குழம்பில் கிளறிய ஃபித்ஃபித் கொடுங்கள், இரண்டு பங்கு சாப்பிடுவேன்.