ஒரு தட்டு கேட்ட மாணவன்

“அப்படியென்றால் இது சின்னப் பிள்ளைகளின் நூலகம்தானா சார்?”

எங்கள் பள்ளி நூலகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். குரலில் குத்தல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். “எல்லாருக்கும்தான் தம்பி” என்று சொல்லி அனுப்பினேன். அவன் கேட்டது ஒரே ஒரு தட்டு. பழைய பொதுத்தேர்வு வினாத்தாள்களும் நீட் பயிற்சி நூல்களும் வைப்பதற்கு. இடமில்லை என்றேன். அன்று இடம் இருந்தது.

நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பள்ளியில் புத்தகங்கள் பல ஆண்டுகள் இரும்பு பீரோவுக்குள்தான் கிடந்தன. ஒன்று தொலைந்தாலும் தணிக்கையில் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும் என்னும்போது, அவர் பூட்டைத்தான் நம்புவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீர்காழியில் பிறந்த நூலக அறிவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. ஆசிரியர் கூட்டத்தில் அதைச் சொல்லித்தான் பூட்டைத் திறக்க வைத்தேன்.

பிறகு எல்லாவற்றையும் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டும்படி மாற்றினோம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்களை முதலில் ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று எளியதிலிருந்து நிலைவாரியாகத்தான் அடுக்கினோம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘நுழை’ நூல் ஒன்றை எடுத்து, அட்டை வெளியே தெரியாதபடி கணக்கு நோட்டுக்குள் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அன்று மாலையே நிலைகளைக் கலைத்து, விலங்கு, பயணம், பேய், அறிவியல் என்று பொருள்வாரியாக அடுக்கினேன். மறுவாரம் அவள் நோட்டு இல்லாமல் படித்தாள். இந்த வேலையில் எனக்கு முழு நிறைவு தந்தது அதுதான்.

தேர்வு நூல்களை உள்ளே விட்டால் இது நிலைக்காது என்று அஞ்சினேன். மாவட்ட நூலகங்களில் பார்த்திருக்கிறேன்: போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையிலேயே மேசைகளைப் பிடித்துவிடுவார்கள். அவர்கள் மீதும் தவறில்லை. ஆனால் அந்த அமைதியில் ஒரு குழந்தை வாய்விட்டுச் சிரித்துப் படிக்க முடியாது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல் கொண்டுவந்து படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. அத்தனை மாடிகள் உள்ள கட்டடத்தில் அது முடியும். எங்களுக்கு ஒரே அறை.

இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் ரங்கநாதனின் இரண்டாம் விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்கிறது. கூட்டத்தில் நான் முதல் விதியோடு நிறுத்திக்கொண்டேன். என்ன வேண்டும் என்று மாணவர்களைக் கேட்டபோதும் ஆறு முதல் ஒன்பது வரைதான் கேட்டோம். மேல் வகுப்புகளுக்குத் திருப்புதல் தேர்வு. அவர்களின் கால அட்டவணையில் நூலக வேளையும் கிடையாது. அந்த அட்டவணையைப் போட்டவன் நானில்லை. என்றாலும், அவர்களுக்கு நூலகம் தேவைப்படாது என்று நானும் எடுத்துக்கொண்டேன் அல்லவா?

பாடநூலை அரசு இலவசமாகத் தருகிறது. நீட் நூல்களைக் கடையில்தான் வாங்க வேண்டும். தட்டு கேட்ட மாணவன் மாலையில் மளிகைக் கடையில் வேலைக்கு நிற்கிறான் என்று வகுப்பாசிரியர் பின்னர் சொன்னார். கதை படிப்பது பிள்ளையின் தேவை என்று அடித்துச் சொல்கிற நான், அவன் தேவையை மட்டும் தேர்வு வெறி என்று ஒதுக்கினேனா? முழுக்க அப்படியில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

இயற்பியல் ஆசிரியரிடம் பேசி, அந்த நூல்களை ஆய்வகத்தில் வைக்க ஏற்பாடு செய்தேன். நல்ல தீர்வு என்று தலைமையாசிரியர் பாராட்டினார். ஆய்வகம் செய்முறை வகுப்பு முடிந்ததும் பூட்டப்படும். சாவி ஆசிரியரிடம் இருக்கும். அவன் எத்தனை முறை சாவி கேட்டுப் போனான் என்று நான் விசாரிக்கவில்லை.

இந்த ஆண்டு நூல் பட்டியலுக்கு மேல் வகுப்புகளையும் கேட்கப் போகிறேன். வினாத் தொகுப்புதான் வேண்டும் என்று எல்லாரும் எழுதிக் கொடுத்தால் என்ன செய்வேன்? தலைமையாசிரியரும் இதைத்தான் கேட்டார். ஒரு தட்டு தரலாம் என்றேன். எந்தத் தட்டு என்று கேட்டார். எந்த நூல்களை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கொடுப்பது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.